காத்திருப்புக் காலம்: எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை?

அரசு நடத்தும் சமூக மனநல சேவைகளைப் பற்றிய எந்த அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும், அதில் காத்திருப்புக் காலம் என்று ஒரு சராசரி எண் இருக்கும். அந்த எண் கூடியிருந்தால் கண்டனம் எழும், குறைந்திருந்தால் பாராட்டு வரும். அது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று யாரும் அதிகம் கேட்பதில்லை. நெருங்கிய உறவினர் ஒருவருக்குத் துணையாக நானும் இந்த வரிசையில் காத்திருந்த பிறகுதான், சிக்கலில் பாதி இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

பொதுவாக, பொது மருத்துவர் எழுதிய பரிந்துரைக் கடிதம் சேவை அலுவலகத்தில் பதிவாகும் நாளில்தான் கணக்கு தொடங்குகிறது. 'போதிய விவரம் இல்லை' என்று கடிதம் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் எழுதப்பட்டு வந்தால், பல இடங்களில் இரண்டாவது கடிதத்தின் தேதியே தொடக்கமாகிவிடும். முதல் சந்திப்பு நடந்ததும் கணக்கு முடிகிறது. பெரும்பாலும் அந்தச் சந்திப்பு சிகிச்சை அல்ல, மதிப்பீடு. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கேள்விகள் கேட்பார்கள். தூக்கம், பசி, குடும்பம், வேலை, முன்பு எடுத்த மருந்துகள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது வரை எல்லாம் குறித்துக்கொள்வார்கள். பிறகு, 'உங்களுக்கு உளவியல் சிகிச்சை தேவை, அதற்கான பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்' என்பார்கள். அறிக்கையைப் பொறுத்தவரை அவருடைய காத்திருப்பு அந்த நொடியில் தீர்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்புகிறவருக்கோ அன்றுதான் இரண்டாவது காத்திருப்பு தொடங்குகிறது.

அந்த மேசையில் என் உறவினரிடம் நீட்டப்பட்ட தாள் இன்னும் நினைவில் இருக்கிறது. மனச்சோர்வை அளக்கப் பல நாடுகளில் பயன்படும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் அது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. எல்லாக் கேள்விகளும் 'கடந்த 2 வாரங்களில்' எப்படி இருந்தீர்கள் என்பதைப் பற்றியவை. அருமையான கருவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பரிந்துரைத்த மருத்துவரின் அறையில் இதே தாளை நிரப்பி, அந்த மதிப்பெண்ணைக் கொண்டுதான் அவசரமா, வழக்கமானதா என்று முன்னுரிமை வகுத்திருந்தார்கள். இரண்டு வார நிலையைக் காட்டும் எண்ணை வைத்து ஒருவரை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது, பழைய வெப்பமானி அளவைப் பார்த்துக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது. நடுவில் யாரும் தொலைபேசியில் அழைத்து அந்த ஒன்பது கேள்விகளை மறுபடி கேட்கவில்லை.

இங்கிலாந்து இந்தக் கணக்கை மற்ற பல நாடுகளைவிட வெளிப்படையாக வைத்திருக்கிறது. அதனால்தான் அதன் ஓட்டைகளும் நமக்குத் தெரிகின்றன. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்காக 2008-ல் அங்கு தொடங்கிய பேச்சுச் சிகிச்சைத் திட்டத்துக்கு ஓர் இலக்கு உண்டு: 75 சதவீதத்தினர் 6 வாரங்களுக்குள்ளும், 95 சதவீதத்தினர் 18 வாரங்களுக்குள்ளும் சிகிச்சையைத் தொடங்கியிருக்க வேண்டும். தலைப்புச் செய்திகளில் வருவது இந்த எண்கள்தாம். முதல் அமர்வுக்கும் இரண்டாவது அமர்வுக்கும் இடையே 90 நாட்களுக்கு மேல் காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் தனியாக வெளியிடப்படுகிறது. அதை அட்டவணைக்குள் புகுந்து தேட வேண்டும். ஒரு சேவையின் உண்மையான நிலையை அறிய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது கணக்கையே என்பது என் கருத்து.

காத்திருப்பவர்களின் எண்ணிக்கை குறைவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதை ஏற்பாடு என்று சொல்வதா, தந்திரம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் வரும்: 'உங்களுக்கு இன்னும் இந்தச் சேவை தேவையா? குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் தேவையில்லை என்று கருதி உங்கள் பெயரை நீக்கிவிடுவோம்.' மூட்டு அறுவைக்கோ கண்புரைக்கோ காத்திருப்பவருக்கு இந்தக் கடிதம் ஒரு தொல்லையே தவிர ஆபத்து அல்ல. மனச்சோர்வின் இயல்பே தபாலைப் பிரிக்காமல் வைத்திருப்பதும், தொலைபேசியை எடுக்காமல் விடுவதும்தான். ஆகவே, மிக மோசமான நிலையில் இருப்பவர்தான் பதில் எழுதாமல் போக வாய்ப்பு அதிகம். அவருடைய பெயர் அடிபடும்போது பட்டியல் சற்றே சுருங்குகிறது, சராசரி சற்றே மேம்படுகிறது.

வரிசை ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதற்குப் பணியாளர் பற்றாக்குறை என்பதே எளிய விடை. அது பொய்யும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்காக வெளியிட்ட மனநல வரைபட அறிக்கையின்படி, உலக அளவில் ஒரு லட்சம் மக்களுக்கு 13 மனநலப் பணியாளர்களே இருக்கிறார்கள். அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் தொகையில் சுமார் 2 சதவீதமே மனநலத்துக்குப் போகிறது. ஆனால் பற்றாக்குறை மட்டுமே முழுக் காரணம் அல்ல. தொலைபேசி இணைப்புகளில் ஏற்படும் நெரிசலைப் பற்றி டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் எர்லாங் 1909-ல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த வரிசைக் கணிதம் இங்கு மிகவும் உதவுகிறது. ஒரே ஓர் ஆலோசகர் இருக்கிறார், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் மாறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த எளிய மாதிரியில், அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், சந்திப்பில் இருப்பவரையும் சேர்த்துச் சராசரியாக 4 பேர் அவரிடம் இருப்பார்கள். 90 சதவீதம் நிரம்பினால் 9 பேர். 95 சதவீதம் என்றால் 19 பேர். நிர்வாகத்தின் கண்ணுக்கு ஆலோசகரின் நாட்குறிப்பில் இருக்கும் காலி இடம் வீணாகத் தெரிகிறது. அதை நிரப்பச் சொல்கிறார்கள். உண்மையில் அந்தக் காலி இடம்தான் வரிசையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே நீளத்தில் நிற்கும் வரிசை ஒன்று இருந்தால், புதிதாகச் சேர்பவர்களும் வெளியேறுபவர்களும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால், ஒரு முறை கூடுதல் ஆட்களை அமர்த்தி நிலுவையைத் தீர்த்துவிட்டால், அதே பணியாளர்களைக் கொண்டே அதன் பிறகு இரண்டு வார வரிசையை நடத்த முடியும் அல்லவா? முடியும், வெளியேறுகிறவர்கள் சிகிச்சை பெற்று வெளியேறினால். மனம் வெறுத்து விலகியவர்களும், பதில் எழுதாமல் நீக்கப்பட்டவர்களும், நிலை முற்றி அவசரப் பிரிவுக்குப் போனவர்களும் அந்தச் சமநிலையைத் தாங்கிக்கொண்டிருந்தால், வரிசை சுருங்கிய உடனே அப்படி விலகியிருக்கக்கூடியவர்கள் வரிசையிலேயே தங்குவார்கள், அது மறுபடி நீளும். சிறப்பு நிதி ஒதுக்கி நிலுவையைத் தீர்த்த பிறகும் வரிசை பழையபடி ஆகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். யார் எதனால் வெளியேறினார்கள் என்ற கணக்கு இல்லாமல் காத்திருப்பு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது.

பரிந்துரையை ஏற்பதற்கான வரம்பை உயர்த்துவது வரிசையைச் சுருக்கிக்காட்ட மற்றொரு வழி. 'உங்கள் நிலை எங்கள் சேவைக்குரிய அளவுக்குக் கடுமையானது அல்ல' என்று ஒரு பிரிவும், 'எங்களால் கையாள முடியாத அளவுக்குக் கடுமையானது' என்று இன்னொரு பிரிவும் ஒரே மனிதரைத் திருப்பி அனுப்புவது நடக்கிறது. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் எந்தச் சராசரியிலும் இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. மனப்பிறழ்வு (இல்லாத குரல்கள் கேட்பது போல, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் கடும் நிலை) முதன்முதலாகத் தோன்றும்போது சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு மோசமான விளைவுகளோடு அது தொடர்புடையது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1990-களின் தொடக்கத்தில் மனநல மருத்துவர் பாட்ரிக் மெக்கோரி குழுவினர் இளையோருக்கென்று தனியாகத் தொடக்கநிலைச் சிகிச்சைச் சேவையை அமைத்தார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல், முதன்முதலாக மனப்பிறழ்வு ஏற்பட்டவர்களில் குறைந்தது பாதிப் பேருக்கு 2 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற விதி வந்தது. அளவு பின்னர் 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதில் என்னைக் கவர்ந்தது இலக்கு அல்ல, அதைத் தாங்கி நிற்கும் அமைப்பு. தனிக் குழு, ஒரு பணியாளருக்குச் சுமார் 15 பேர் என்ற வரம்பு, குடும்பத்தினரே நேரடியாக அழைத்துச் சொல்லலாம் என்ற ஏற்பாடு. காலி இடத்தை வீணென்று கருதாத அமைப்பு அது.

இத்தாலியின் திரியெஸ்தே நகரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் முயற்சியால் 1978-ல் வந்த 180-ஆம் எண் சட்டம் மனநலக் காப்பகங்களை மூட வழிவகுத்தது. அந்நகரில் அவற்றின் இடத்தில் எழுந்த சமூக மையங்கள் நாள் முழுவதும், வாரம் முழுவதும் திறந்திருக்கும் வகையில் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் சில படுக்கைகள் உண்டு. காப்பகங்களை மூடுவதும் மையங்களைத் திறப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாக அங்கு நடந்தன. அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. அங்கு 1955-ல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 1963-ல் அதிபர் ஜான் கென்னடி, சமூக மையங்களை அமைப்பதற்கான சமூக மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். படுக்கைகள் வேகமாகக் குறைந்தன, திட்டமிட்ட மையங்களில் சுமார் பாதி கட்டப்படவே இல்லை. சமூக மனநல சேவை என்ற கருத்தே சேமிப்பு நடவடிக்கையாகப் புரிந்துகொள்ளப்பட்ட இடங்களில் எல்லாம் வரிசை அங்கிருந்துதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

இப்போது வரிசையில் இருப்பவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும் சில நடைமுறைச் செய்திகள். பட்டியலில் சேர்த்துவிட்டதாகச் சொல்லும்போது, சொல்லப்படும் வாரங்கள் மதிப்பீட்டுக்கா, சிகிச்சையின் முதல் அமர்வுக்கா என்று கேட்டு, விடையைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். யாராவது சந்திப்பை ரத்து செய்தால் அந்த நேரத்துக்கு உடனே வர இயலும் என்றால், அதையும் அன்றே சொல்லிவையுங்கள். பல இடங்களில் அதற்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். தபால், தொலைபேசி இரண்டையும் கவனித்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரின் எண்ணை நோயாளியின் சம்மதத்தோடு இரண்டாவது தொடர்பாகப் பதிவு செய்யுங்கள். நிலை மாறினால் பரிந்துரைத்த மருத்துவரிடம் திரும்பச் சென்று, மாறியிருப்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்; முன்னுரிமை மறுபரிசீலனை செய்யப்படுவது பெரும்பாலும் அந்தக் கடிதத்தால்தான். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தால் இந்த வரிசையை மறந்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ போக வேண்டும். அப்படிப் போனதால் பட்டியலில் உள்ள இடம் பறிபோய்விடுமோ என்று பலர் அஞ்சித் தயங்குகிறார்கள். சேர்க்கப்படும் நாளிலேயே அந்தக் கேள்வியையும் அலுவலகத்தில் கேட்டு, இடம் அப்படியே இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.