அக்காவின் மாத்திரையும் என் மாத்திரையும்

நவம்பர் 9, கேத்தி, நீலகிரி

எனக்குத் தைராய்டு மந்தம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 8.6 வந்திருக்கிறது, சுரப்பி மந்தமானால் ஏறுகிற எண் அது. டாக்டர் தைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கிவிட்டார். ஊரே ஸ்வெட்டரும் மப்ளருமாகத் திரிகிற மாதத்தில் எனக்குக் குளிருகிறது என்றால் யார் காதில் விழும்? ஆனால் இது வேறு குளிர். அடுப்புப் பக்கத்தில் நின்றாலும் விரல் நுனி விறைத்தே கிடக்கிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எழுந்திருக்கும்போதே நாள் முழுக்கத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த அசதி. இங்கே நிறைய பெண்கள் இதையெல்லாம் பனி என்றும் வயசு என்றும் சொல்லி ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

நவம்பர் 13

நியூஜெர்சியிலிருந்து அக்கா பேசினாள். அவளுக்கும் இதே வியாதிதான், ஆனால் அவள் சாப்பிடுவது ஆர்மர் தைராய்டு. பன்றியின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்துச் செய்கிற மாத்திரை. "இயற்கையானதுடி, போட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. உனக்கும் அனுப்பட்டுமா?" என்றாள். பக்கத்தில் இருந்த அம்மா "பன்னியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. அதனால்தான் இதை அப்படியே தள்ளிவிட மனசு வரவில்லை. உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.

நவம்பர் 17

படிக்கப் படிக்க ஆச்சரியம். இந்த வியாதிக்கு மருந்து தொடங்கியதே ஆட்டின் சுரப்பியில்தான். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், முகமும் உடம்பும் வீங்கி முடங்கிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்த அம்மாள் 1919 வரை உயிரோடு இருந்தார். அதற்குள் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி செலவாகியிருந்தது. நாம் விழுங்குகிற தைராக்சினை 1914-ல் அமெரிக்காவில் கெண்டல் என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். 1927-ல் அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார்கள். என் மாத்திரைப் பட்டையில் இருப்பதும் என் கழுத்துச் சுரப்பி விடுகிற அதே தைராக்சின், அதாவது டி4 மூலக்கூறுதான். அதைச் செயற்கை என்று ஒதுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

நவம்பர் 24

குன்னூர் போனேன். சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைத் தாண்டும்போது பிரிட்டிஷ் டாக்டர் மெக்காரிசன் ஞாபகம். வடக்கே மலைநாடான கில்கிட்டில் கழுத்துக் கழலை, அதாவது தைராய்டு வீக்கம், ஏன் வருகிறது என்று தேடியபோது, அந்த ஊர்த் தண்ணீரின் வண்டலைத் தானும் குடித்துப் பார்த்த மனிதர். பிறகு இங்கேதான் 1918-ல் ஒரே ஓர் அறையில் உணவு ஆராய்ச்சியை ஆரம்பித்தார். 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அதுதான். நம் மலைக்கும் தைராய்டுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

கோஸ் தைராய்டுக்கு ஆகாது என்று ஒரு பயம் உண்டு, அதனால் முட்டைகோஸ் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேத்தியில் இருந்துகொண்டு கோஸை விட முடியுமா? வேகவைத்து, அளவாக, அயோடின் உப்போடு சாப்பிட்டால் பயமில்லை என்றார் டாக்டர்.

டிசம்பர் 2

இன்று டாக்டரிடம் அக்காவின் மாத்திரையைப் பற்றி நேராகவே கேட்டேன். கோபப்படாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ஒரு கிரெய்ன், அதாவது 60 மில்லிகிராம் மாத்திரையில் டி4 சுமார் 38 மைக்ரோகிராம், இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3 சுமார் 9. நாலுக்கு ஒன்று என்ற கணக்கு. மனிதச் சுரப்பி விடுவதோ பதினாலுக்கு ஒன்று போல. நம் உடம்பு தனக்கு வேண்டிய டி3-ஐப் பெரும்பாலும் கல்லீரல் மாதிரி இடங்களில் டி4-இலிருந்தே செய்துகொள்கிறது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகும், டி3-க்கு ஒரு நாள் போதும். அதனால் பன்றி மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் டி3 சட்டென்று ஏறி இறங்கும். இதயம் பலவீனமாக இருந்தால் படபடப்பு வரும், வயதானவர்களுக்கு ஆபத்து.

அக்கா சொன்னது வெறும் மனப்பிரமையா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 பேருக்கு எது எந்த மாத்திரை என்று தெரியாமலே 16 வாரம் இது, 16 வாரம் அது என்று கொடுத்தார்கள். அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எது பிடித்தது என்று கேட்டபோது 34 பேர் பன்றி மாத்திரையைக் காட்டினார்கள், 13 பேர் தைராக்சினை, மீதிப்பேர் எதுவானாலும் சரி என்றார்கள். இந்த எண்களை நான் மதிக்கிறேன். அசதியாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், ரிப்போர்ட் நார்மல் என்று அனுப்பிவிடக் கூடாது. இன்னும் என்ன என்று தேட வேண்டும். இந்த டாக்டர் தேடினார். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் எழுதிக் கொடுத்தார்.

டிசம்பர் 5

பி12 ரொம்பக் குறைவு, ஹீமோகுளோபினும் குறைவு, 9.8. பாதி அசதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது போல. இரும்பு மாத்திரையைத் தைராக்சினோடு சேர்த்து விழுங்கினால் தைராக்சின் சரியாக உடம்பில் சேராது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், முக்கால் மணி நேரம் கழித்து டீ. இரும்பு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். பனிக்காலத்தில் விடியற்காலையில் டீ இல்லாமல் அந்த முக்கால் மணி நேரம் கஷ்டம்தான், ஆனாலும் இருக்கிறேன்.

டிசம்பர் 19

உறைபனி. கேரட் பாத்தி வெள்ளையாகக் கிடக்கிறது. வீட்டுக்குள் ஈரம் ஊறுகிறது, அதனால் மாத்திரைப் பட்டையை மூடிபோட்ட டப்பாவில் வைத்து அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரி 6

டிஎஸ்ஹெச் 2.7. சாயங்காலம் மேட்டுத் தெருவரை நிற்காமல் ஏறினேன். முடி இன்னும் உதிர்கிறது, அதற்கு மாதக்கணக்காகும் என்கிறார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு அந்த மாத்திரை ஒத்துப்போகிறது, அவள் டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடுகிறாள், அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? இதயத்தையும் எலும்பையும் பரிசோதித்துக்கொள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவள் சரி என்றாள். மே மாதம் வருகிறாளாம். உன் மாத்திரையை மருந்துச்சீட்டோடு, திரும்பிப் போகிறவரைக்கும் போதுமானதாகக் கொண்டு வா அக்கா, இங்கே கடையில் கிடைக்காது, எனக்கு என்று எதுவும் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை மார்ச்சில்.