டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச்

நான் வேலை பார்த்த டிவி ஸ்டேஷனில் கேமரா கிடையாது, ஸ்டுடியோ கிடையாது. செய்தி வாசிக்கிற அக்காவைப் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ஒரு இரும்பு அலமாரியைக் காட்டுவோம். பாவம், முகம் சுருங்கிவிடும். அந்த அலமாரிதான் நூறு வாட் டிரான்ஸ்மிட்டர். வெளியே ஒரு டிஷ், ஒரு டவர், ஒரு ஜெனரேட்டர் ஷெட். ஆபீஸ் காகிதத்தில் எல்.பி.டி., அதாவது லோ பவர் டிரான்ஸ்மிட்டர், ஊர் வாயில் 'டிவி டவர்'.

1983-ல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் மேலே போனதும், அடுத்த வருஷமே நாளுக்கு ஒன்று என்கிற வேகத்தில் தூர்தர்ஷன் இப்படிப்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை நாடு முழுக்க நட்டது. அந்த வேகத்தில் எங்கள் தென்கோடிக் கடலோர ஊருக்கும் ஒன்று கிடைத்தது. நான் 1986-ல் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சொந்தமாக ஒரு நிமிஷ நிகழ்ச்சிகூட எடுக்காத ஸ்டேஷனுக்கு என்ன வரலாறு இருக்கும் என்று கேட்கலாம். யாருடைய படத்தை வாங்கி ஊருக்குக் கொடுத்தோம் என்று வரிசையாகச் சொன்னால், அதுதான் எங்கள் வரலாறு.

டவர் வருவதற்கு முன்பே ஊரில் டிவி இருந்தது. வசதியான சில வீட்டு மாடிகளில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, கடலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். இலங்கை ரூபவாஹினி தெரியும். சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொடங்கிவிட்டாலும் அதன் அலை எங்கள் பக்கம் எட்டாது. ஆக, கடல் தாண்டிய நிலையம் பக்கத்து வீடு, சென்னை வெளியூர். நாங்கள் வந்த பிறகு ஆன்டெனாக்கள் எங்கள் டவர் பக்கம் திரும்பின. படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் பேச்சு முழுக்க இந்தியும் இங்கிலீஷும். டிஷ்ஷில் இறங்கியது டெல்லி மட்டும்தான். அதனால் சிலர் மறுபடி கம்பத்தைக் கடல் பக்கம் திருப்பிவிடுவார்கள், மாடியில் நின்று பார்த்தால் தெரியும். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

சில வருஷம் கழித்து சென்னை நிகழ்ச்சியும் செயற்கைக்கோள் வழியாக வர ஆரம்பித்தது. இன்னொரு ரிசீவர் வந்தது, கூடவே ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் டெல்லி, மறு பக்கம் சென்னை. சாயங்காலம் குறித்த நேரத்தில் சென்னைக்குத் திருப்ப வேண்டும், தேசிய ஒளிபரப்புக்குத் திரும்ப டெல்லிக்கு. இவ்வளவுதான் வேலை. ஆனால் ஊர் முழுக்க இந்த விரலை நம்பித்தான் உட்கார்ந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, 'ஒளியும் ஒலியும்' ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஷெட்டுக்கு ஓடி ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு, டீசல் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். மின்சாரம் போய்வந்தால் அந்த ஸ்விட்ச் தானாக டெல்லிப் பக்கம் போய் நிற்கும். அது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் உறைக்கவில்லை. முனைக் கடை டீ அண்ணாச்சி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தம்பி, கடையில நாப்பது பேரு நிக்கான். ரெண்டு பேரு உக்காந்து இந்தியில பேசிக்கிட்டே இருக்கானுவ. பாட்ட எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்க?"

உள்ளே ஓடித் திருப்பினேன். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணம்.

லாக் புக்கில் பன்னிரண்டு நிமிஷம் 'மின்தடை' என்று எழுதினேன். உண்மையில் கரண்ட் போனது இரண்டு நிமிஷம், மீதிப் பத்துக்கு நான்தான் காரணம். மறுநாள் டீ குடிக்கப் போனபோது அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, சர்க்கரை போடாமல் கொடுத்தார்.

இன்னொன்று. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வருமே, அந்த அட்டை சென்னையிலிருந்து வருவது. எங்கள் தப்பென்றால் அட்டை எல்லாம் கிடையாது, வெறும் புள்ளி புள்ளியாக ஓடும். இதை எத்தனை கல்யாண வீடுகளில் விளக்கியிருக்கிறேன்! யாரும் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டுக்கும் திட்டு எனக்குத்தான்.

அப்புறம் எல்லாம் வேகம். 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, தெருவுக்குத் தெரு கேபிள் இழுத்தார்கள். மாடி ஆன்டெனாக்களில் துணி காய்ந்தது. 1995-ல் வந்த சட்டப்படி கேபிள்காரர்கள் தூர்தர்ஷனையும் கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் அவர்கள் எங்களிடம் வாங்கவில்லை, தங்கள் டிஷ்ஷிலேயே நேராக எடுத்துக்கொண்டார்கள். 1997-ல் தூர்தர்ஷன் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்து, சம்பளப் பட்டியலின் தலைப்பு மாறியது. எங்களிடம் இரண்டாவதாக வந்த டிரான்ஸ்மிட்டரில் தூர்தர்ஷனின் இரண்டாவது சேனலான மெட்ரோ ஓடியது. 2003 நவம்பர் 3-ல் மெட்ரோ போய் அந்த இடத்தில் டிடி நியூஸ் வந்தது. பெட்டி அதே பெட்டி, டவர் அதே டவர். இந்த மாற்றத்தைப் பற்றி விசாரித்து ஒரே ஒரு போன் வந்தது, அதுவும் ராங் நம்பர்.

2021 கடைசியில், நாடு முழுக்கப் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்தும் வரிசையில் எங்களுடையதும் வந்தது. ஓய்வுபெற எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நானே நிறுத்தினேன். முதலில் பவரைக் குறைத்து, பிறகு கேரியர் என்கிற ஒளிபரப்பு அலை ஆஃப், காற்றாடி மட்டும் சூடு தணியும்வரை ஓடட்டும் என்று விட்டேன். பழக்கம். லாக் புக்கில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்கிற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, 'உத்தரவுப்படி' என்று எழுதினேன்.

2024 ஜனவரியில் பொதிகை சேனல் டிடி தமிழ் என்று பெயர் மாறியது. முனைக் கடையில் இப்போது அண்ணாச்சி மகன். என்னைக் கண்டதும், "சார், பொதிகைய காணோமே, என்ன செஞ்சீங்க?" என்றான். ரிமோட்டை வாங்கித் தேடி வைத்துக் கொடுத்தேன்.