12.8 கிராம் வரும் என்று பார்த்தால் 16 கிராம்

போன மாதம் வரைந்து அனுப்பிய மூன்று கட்டிகளும் கைக்கு வந்துவிட்டன. 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கிச் செய்தவை. ஒவ்வொன்றும் 20 மி.மீ. கனசதுரம். உள்ளே 4 மி.மீ. அறைகள், ஒவ்வோர் அறையிலும் மூலைக்கு மூலை ஓடும் நான்கு கம்பிகள், அவ்வளவுதான். ஆன செலவை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து பிடித்த கிறுக்கு இது. மூட்டுக்குப் போடும் டைட்டானியம் கலவையின் விறைப்பு (பாரத்துக்கு வளைந்துகொடுக்காத தன்மை) சுமார் 110 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான ஓட்டுக்கு அது 20க்குப் பக்கம். பாரத்தை உலோகமே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும். அதனால்தான் உலோகத்தில் துளை விடுகிறார்கள். எவ்வளவு துளைக்கு எவ்வளவு இளகும் என்பதற்கு, துளைப் பொருட்களை ஆராய்ந்த கிப்சன், ஆஷ்பி இருவரின் கணக்கு இருக்கிறது: கம்பிகள் வளைந்து பாரம் தாங்கும் அமைப்பில், உலோகம் ஐந்தில் ஒரு பங்கானால் விறைப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு. வலிமைக்கு அந்தப் பங்கின் 1.5 அடுக்கு, அதோடு 0.3ஐயும் முழு உலோகத்தின் வலிமையையும் பெருக்க வேண்டும்.

டைட்டானியம் எனக்குக் கட்டுப்படியாகாது. ஸ்டீலிலேயே இந்தக் கணக்கைச் சோதித்தேன்.

முழு ஸ்டீல் என்றால் இந்த அளவுக் கட்டி 64 கிராம். நான் வரைந்தது 20 சதவீதம், அதாவது 12.8 கிராம். நகைத் தராசில் 16.0 காட்டியது. வெள்ளைத் தாளின் மேல் தட்டித் தட்டிப் பார்த்ததில் சாம்பல் நிறப் பொடி கொட்டியது (முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்). அப்புறமும் 15.6. வெர்னியரை வைத்தால், 0.85 மி.மீ. என வரைந்த கம்பி 0.95 இருக்கிறது. என் கம்பிகள் கிடைமட்டத்திலிருந்து 35 டிகிரிதான் நிமிர்ந்திருக்கின்றன. அவற்றின் அடிப்பக்கத்தில் லேசர் படும்போது கீழே இருப்பது உருகாத பொடி. சூடு இறங்க வழியில்லை, உருகிய உலோகம் பொடிக்குள் தொங்கி அப்படியே உறைகிறது. லென்ஸில் பார்த்தால் மேல்பக்கம் ஓரளவு வழவழ, அடிப்பக்கம் கடுகு ஒட்டிய மாதிரி.

நசுக்க நண்பன் பட்டறையின் ஹைட்ராலிக் ஜாக்கி. பிஸ்டன் 40 மி.மீ., பரப்பு 12.57 சதுர செ.மீ. முதல் கட்டி வீண். மேல்முகம் சமமாக இல்லாததால் ஓர் ஓரம் மட்டும் அமுங்கிச் சாய்ந்துவிட்டது. இரண்டாவதைக் கண்ணாடிமேல் எமரித்தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கினேன்.

லேசர் முறையில் செய்த 316எல்லின் வலிமையை 500 மெகாபாஸ்கல் என வைத்தால், 20 சதவீதக் கட்டி 550 கிலோ அளவில் இளக வேண்டும். ஜாக்கியின் அழுத்தக் கேஜில் அது சதுர செ.மீ.க்கு 44 கிலோ. முள் 44ஐத் தாண்டியது, 50ஐயும் தாண்டியது, 59 பக்கம் போய்த்தான் மெதுவானது. 740 கிலோ! கணக்கு தப்போ என்று நினைத்தேன். எடையில் வந்த 24.4 சதவீதத்தைப் போட்டதும் விடை 735. இவ்வளவு நெருக்கம் கொஞ்சம் அதிர்ஷ்டம்தான், அந்த 500ஏ என் ஊகம். துளை உலோகத்தை அமுக்கிச் சோதிப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 13314, கட்டியின் ஒவ்வொரு பக்கமும் துளையைப் போல் பத்து மடங்காவது இருக்கச் சொல்கிறது. என்னுடையது ஐந்து மடங்கு.

அதன்பின் படீரென்று எதுவும் உடையவில்லை. பக்கங்கள் பிதுங்கி, முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உயரம் பாதியாகும்போது அறைகள் ஒன்றோடொன்று முட்டி முள் எகிறியது. வெப்பப் பதம் செய்யாத டைட்டானியம் கலவை என்றால் 45 டிகிரியில் சாய்வாக வெட்டுப்பட்டு நொறுங்குவது வழக்கம். ஸ்டீல் நல்ல பிள்ளை.

விறைப்பை அளக்க முடியவில்லை. கட்டி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க டயல் கேஜ் வைத்தேன்தான், ஆனால் ஜாக்கியின் சட்டமும் சேர்ந்து வளைகிறது. முழு ஸ்டீல் கட்டியை அமுக்கி, அந்த வளைவைக் கழித்துப் பார்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எண். அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கு இன்னும் பாக்கி.

மூன்றாவது கட்டியை நசுக்காமல் வைத்திருக்கிறேன், குறுக்கே அறுத்துப் பார்க்க. கம்பியை 0.75 என்று குறைத்து வரைந்த புதுக் கோப்பை நேற்று அனுப்பினேன். வந்ததும் முதல் வேலை தராசு.