சினிமா செட், தீம் பார்க் வடிவமைப்பு: வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் எப்படித் தயாராகலாம்

நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்து ஒரு தச்சர் மரம் அறுக்கப் போகிறார். கதவு எத்தனை அடி, தூண் உள்ளே காலியா, கேமரா எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிற படம்தான் இந்தத் தொழிலில் செல்லுபடியாகும். நுழைவுத் தேர்வு வைப்பவர்களும் இதைத்தான் தேடுகிறார்கள். நிழல் அழகாகத் தீட்டத் தெரிந்த பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அளவோடு யோசிக்கப் பழகியவர்கள் குறைவு. அந்தப் பழக்கத்தை வேலூரில் இருந்தபடியே உண்டாக்கிக்கொள்ள முடியும்.

வேலையின் அடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கதையைக் கேட்டு முதல் படங்களை வரைபவர் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட். அதைத் தரைப்படமாகவும் (மேலிருந்து பார்க்கும் அளவுப் படம்) முகப்புப் படமாகவும் (எதிரிலிருந்து பார்க்கும் அளவுப் படம்) மாற்றுபவர் செட் டிசைனர். செலவு, ஆள், பொருள், நாள் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பவர் கலை இயக்குநர். தீம் பார்க்கிலும் இதே வரிசைதான், கூடவே கட்டடப் பொறியாளரும் ராட்டின இயந்திரப் பொறியாளரும் உட்காருவார்கள். இரண்டும் ஒரே குடும்பத் தொழில். கலிபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டை வடிவமைத்தவர்களில் பலர் சினிமா கலைத்துறையிலிருந்து போனவர்கள். அங்குள்ள கோட்டை 77 அடி உயரம்தான். மேலே போகப் போகக் கல்லின் அளவைச் சிறிதாக்கி, அதை இன்னும் உயரமாகத் தெரிய வைத்தார்கள். அந்தத் தந்திரத்தைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தின் ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிடக் குறுகி ஏறுவதை வேலூர்க் கோட்டைக்குள் நின்று அளந்து வரைந்து பாருங்கள்.

பயிற்சியைக் கோட்டையிலிருந்தே தொடங்கலாம். ஏ3 தாள், 2பி, 4பி பென்சில், ஒரு அட்டைப் பலகை, 5 மீட்டர் டேப் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ட்ரைபாட் வைத்துப் படமெடுக்க அனுமதி வேண்டும், கையில் நோட்டு வைத்து வரையத் தடை கிடையாது. அகழிக் கரையில் நின்று முதலில் உங்கள் கண் உயரத்தைக் காட்டும் கண்மட்டக் கோடு ஒன்றைத் தாளில் போடுங்கள். உங்கள் கண் தரையிலிருந்து 5 அடி என்றால், சமதரையில் அந்த உயரத்தில் உள்ள எல்லாமே, கிட்டத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டில்தான் விழும். பெரும்பாலான மாணவர்களின் படத்தில் மனிதர்கள் மிதப்பது போலத் தெரிவதற்குக் காரணம் இந்தக் கோடு இல்லாததுதான். அடுத்து மதிலின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எந்தப் புள்ளியில் சேர்கின்றன என்று நீட்டிப் பாருங்கள். தாளுக்கு வெளியே சேர்ந்தால் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். புள்ளியைத் தாளுக்குள் இழுத்து வைத்தால் மதில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களுக்கு வேறு பாடம். தூணில் உள்ள யாளிச் சிற்பத்தை அப்படியே வரைவது இரண்டாவது வேலை. முதலில் தூணைத் தொடாமல், விலகி நின்று அதன் பீடம், உடல், போதிகை (தூணின் தலைப்பகுதி) மூன்றின் விகிதத்தைப் பிடியுங்கள். நீட்டிய கையில் பென்சிலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பீடம் ஒரு பங்கு என்றால் உடல் எத்தனை பங்கு என்று எண்ணுங்கள். அருகில் ஒரு நண்பரை நிறுத்தினால் அவர் உயரத்தை வைத்து அடிக்கணக்கு வந்துவிடும். வீட்டுக்கு வந்து அதே தூணை அரை அங்குலம் ஒரு அடி என்ற அளவில் முகப்புப் படமாகவும், வெட்டுப் படமாகவும் (குறுக்கே வெட்டினால் உள்ளே தெரிவது) போடுங்கள். ஒரு தூணுக்கு இந்த மூன்று தாளும் சேர்ந்தால்தான் ஒரு பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கே படிப்பது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. தோட்டா தரணி, சாபு சிரில் இருவரும் அங்கே படித்தவர்கள். காட்பாடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் பெரியார் ஈவெரா சாலையில் நடந்தே போய்விடலாம். கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. ஓவியம், சிற்பம், காட்சிவழித் தொடர்பு வடிவமைப்பு என்று பிரிவுகள் இருக்கின்றன. செட் வேலைக்குப் போக நினைப்பவர் ஓவியத்தை மட்டும் குறிவைக்க வேண்டாம். சிற்பம் படித்தவருக்குக் களத்தில் மதிப்பு அதிகம். வார்ப்பு, அச்சு, உள்கம்பி எல்லாம் கையில் வந்திருக்கும்.

தீம் பார்க்தான் குறி என்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் கண்காட்சி வடிவமைப்புப் பிரிவு மிக நெருக்கமானது. அதன் முதல்நிலைத் தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் பொருளைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். ஐஐடிகளின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு மும்பை ஐஐடி நடத்தும் யுசீட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் கணினி வழியே எழுதும் முதல் பகுதி 2 மணி நேரம், 200 மதிப்பெண். கையால் வரையும் இரண்டாம் பகுதி ஒரு மணி நேரம், 100 மதிப்பெண். முதல் பகுதியில் கட் ஆஃப் தாண்டினால்தான் இரண்டாம் பகுதித் தாளையே திருத்துவார்கள். அதனால் வரையத் தெரியும் என்ற தைரியத்தில் கணக்கையும் வடிவப் புதிர்களையும் விட்டுவிடுவது பெரிய இழப்பு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எழுத முடியாது என்பதையும் நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கட்டடக்கலை வழியாக வருவதும் நல்ல பாதை. விஐடியிலேயே பி.ஆர்க் இருக்கிறது. கலை இயக்கத்துக்கென்றே புனே திரைப்பட நிறுவனத்தில் படிப்பு உண்டு, ஆனால் பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேர முடியாது. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, உள்ளலங்காரம் போன்ற துறையில் பட்டம் வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவு இருக்கிறது. செட்டின் மேல்பாதியைக் கணினியில் கட்டும் வேலைக்கு அது பொருந்தும்.

வரைதல் தேர்வில் மதிப்பெண் போகும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். "பேருந்து நிலையத்தில் மழை" என்று தலைப்புக் கொடுத்தால் எல்லோரும் எதிரே நின்று நேர்ப்பார்வையில் வரைகிறார்கள். முதல் 5 நிமிடம் தீப்பெட்டி அளவில் நான்கு சிறுபடங்கள் போடுங்கள்: மேலிருந்து, தரையிலிருந்து, ஜன்னல் வழியே, கூட்டத்துக்குள்ளிருந்து. அதில் ஒன்றை எடுத்தால் பார்வைக்கோணமே உங்களைத் தனித்துக் காட்டும். அடுத்த தவறு நிழலில் நேரத்தைக் கரைப்பது. அரை மணி நேரக் கேள்வி என்றால் 20-வது நிமிடத்தில் கோட்டோவியம் முழுதாக இருக்க வேண்டும். மூன்றாவது, இடம் தெரியாத படம். அது வேலூர் பேருந்து நிலையமா வேறு எங்கோவா என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பூக்கூடை, பின்னால் குன்று, மக்கன் பேடா பெட்டி என்று ஒன்றிரண்டு பொருளே ஊரைச் சொல்லிவிடும்.

சினிமாவுக்குத் தயாராகிறவர்கள் கேமராக் கணக்கு ஒன்றைக் கண்டிப்பாகப் பழக வேண்டும். சூப்பர் 35 வகைக் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அகலம். கேமராவிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை 25-ஆல் பெருக்கி லென்ஸின் எண்ணால் (மில்லிமீட்டரில் அதன் குவியத் தூரம்) வகுத்தால் படத்தில் விழும் அகலம் வரும். 20 அடி தூரம், 25 லென்ஸ் என்றால் 20 அடி அகலம். 50 லென்ஸ் என்றால் 10 அடி. அகலத் திரைக்கு உயரம் வேண்டுமானால் அதை 2.39-ஆல் வகுக்க வேண்டும், 20 அடிக்கு 8.4 அடி வரும். கேமரா 5 அடி உயரத்தில் நேராகப் பார்த்தால் சுவரில் 9.2 அடி வரைதான் தெரியும். 12 அடிச் சுவர் தாராளம். கேமரா மேல்நோக்கிச் சாய்ந்தால் இந்தக் கணக்கு மாறும். ஆகவே ஒளிப்பதிவாளரிடம் கேட்காமல் உயரத்தை முடிவு செய்யக் கூடாது. சின்ன அறை செட்டில் ஒரு சுவரையாவது கழற்றி மாட்டும்படி வைக்காவிட்டால் கேமராவுக்குப் பின்வாங்க இடமிருக்காது.

அதே சுவரின் பொருள் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நீளம் 40 அடி, உயரம் 12 அடி, மொத்தம் 480 சதுர அடி. 8-க்கு 4 பிளைவுட் ஒன்று 32 சதுர அடி, ஆக 15 தாள். வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 17. ஒவ்வொரு தாளுக்கும் சுற்றிலும் 24 அடி, நடுவே குறுக்கே இரண்டு 4 அடி, ஆக 32 அடி ரீப்பர் (சட்டத்துக்கான மெல்லிய மரக்கட்டை). 15 தாளுக்கு 480 அடி. 12 அடி உயரத்தில் 8 அடித் தாள் நிற்பதால் எங்காவது கிடைமட்ட இணைப்பு வரும். எல்லா இணைப்பும் ஒரே மட்டத்தில் வந்தால், பக்கவாட்டு விளக்கு அடித்ததும் சுவர் முழுக்க ஒரு கோடு தெரியும். இணைப்பை மாற்றி மாற்றி வைத்து, மேலே காடாத் துணியைப் பசையில் ஒட்டிப் பூச வேண்டும். இந்த ஒரு பக்கக் கணக்கை, நேர்காணலில் காட்டும் உங்கள் வேலைத் தொகுப்பில் (போர்ட்ஃபோலியோ) வைத்தால், பத்து வண்ணப் படங்கள் தராத நம்பிக்கையைத் தரும்.

பொருள்களின் குணம் புத்தகத்தில் படித்து வராது, கை வைத்தால்தான் வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கும்போது தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இறுகத் தொடங்கியதும் தண்ணீர் சேர்த்து இளக்கினால் காய்ந்தபின் உதிரும். பழைய பிளாஸ்டர் ஒட்டிய வாளியில் புதிதாகக் கலந்தால் நினைத்ததைவிடச் சீக்கிரம் இறுகிவிடும்.

தெர்மாகோலில் செதுக்கிய சிலைமேல் பாலியஸ்டர் ரெசினை நேராகத் தடவாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும், ஒரு வார வேலை கண்ணெதிரே குழிந்து போகும். முதலில் பிளாஸ்டர் அல்லது காகிதக் கூழ் தோல் போட்டு நன்றாகக் காயவிட்டு அதன்மேல் ஃபைபர் (ரெசினில் நனைத்த கண்ணாடி இழை) போட வேண்டும். ரெசினை இறுக வைக்கும் கடினமாக்கி ஒன்று முதல் இரண்டு சதவீதம் போதும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் கூடுதலாக ஊற்றினால் பாத்திரத்திலேயே கொதித்து இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கடினமாக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். கையுறை, முகமூடி, திறந்தவெளி மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பயிற்சிக்கு ஊர்த் திருவிழாக்களைவிட நல்ல பட்டறை இல்லை. 1989-ல் பிரிவதற்கு முன் வட ஆற்காடாக இருந்த பகுதி முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்துக்கு (பாரதப் போரின் முடிவைக் காட்டும் சடங்கு) துரியோதனனை மண்ணில் படுக்க வைப்பார்கள். தரையில் உருவத்தைக் கோடு போட்டு, மண்ணைக் குவித்து, நனைத்துத் தட்டி, வண்ணம் தீட்டும் வரை அருகிலேயே உட்கார்ந்து கட்டங்கட்டமாக வரையுங்கள். ஒரே நாளுக்காக, அவ்வளவு பெரிய உருவத்தை, குறைந்த செலவில் உருவாக்குவது கலை இயக்குநரின் அன்றாட வேலை. புரிசை போன்ற ஊர்களின் தெருக்கூத்தில் வேடக்காரர் அணியும் கட்டைகளையும் (மரத்தால் செய்த அணிகலன்கள்) கவனியுங்கள். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரம், கண்ணாடிச் சில்லு, மினுங்கும் தாள். இரவு வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்காக அமைந்தவை. அதே கட்டையைப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று வரைந்தால் வெளிச்சத்துக்கேற்பப் பொருளைத் தேர்வது புரியும்.

தீம் பார்க்கில் கணக்கு வேறாகிறது. செட் சில வாரம் நின்றால் போதும், பூங்காவின் பாறை பல ஆண்டு வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டும். தெர்மாகோலும் பிளாஸ்டரும் அங்கே உதவாது. இரும்புச் சட்டத்தின்மேல் ஃபைபர் அல்லது கண்ணாடி இழை சேர்த்த சிமென்ட்தான். மழைநீர் தேங்கும் குழிவு எங்கே இருந்தாலும் அடியில் வடிகால் துளை வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துரு ஏறிப் பாறையில் செந்நிறக் கறை வழியும். வண்ண மாதிரிகளைப் பலகையில் பூசி, பாதியை அட்டையால் மூடி, சித்திரை முதல் ஆடி வரை மொட்டை மாடியில் போட்டு வையுங்கள். எது வெளுக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

பார்வையாளர் கேமராவைப் போல ஒரே இடத்தில் நிற்பதில்லை, பின்பக்கமும் வருவார், தொடுவார், ஏறுவார். ஆறு வயதுக் குழந்தையின் கண்மட்டம் ஏறக்குறைய மூன்றரை அடி. அந்த உயரத்திலிருந்து இன்னொரு படம் போட்டே ஆக வேண்டும். கம்பி இடைவெளி 9 முதல் 23 சென்டிமீட்டருக்குள் இருந்தால் குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளும், அதைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ வையுங்கள். சக்கர நாற்காலிச் சரிவு ஒரு அடி உயர 12 அடி நீளம். ராட்டினத்தைச் சுற்றி இயந்திரப் பொறியாளர் தரும் எல்லைக்கோட்டுக்குள், நீட்டிய கை எட்டும் தூரத்தில், எந்த அலங்காரமும் வரக் கூடாது. போலிப் பாறைக்குப் பின்னால் மெக்கானிக் நுழைய ஒரு கதவு வைக்க மாணவர்கள் கிட்டத்தட்ட எப்போதும் மறந்துவிடுகிறார்கள்.

தொகுப்பில் 15 முதல் 20 பக்கம் போதும். மூன்று திட்டங்களை முழுதாகக் காட்டுங்கள்: முதல் கிறுக்கல், தரைப்படம், முகப்பு, அட்டை மாடல், பொருள் கணக்கு. சினிமாவுக்கு அடி அங்குலம், பூங்காவுக்கு மில்லிமீட்டர் என்று அளவைப் பிரித்துப் போடுங்கள். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர் மென்பொருள் இலவசம், அதிலேயே லென்ஸ் எண்ணைக் கொடுத்து மேலே சொன்ன கணக்கைச் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு தந்த படத்தை வைத்தால், அதன் தரைப்படத்தைப் போடச் சொல்லி நேர்காணலில் கேட்பார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டடம் தரையில் உட்காராது.

சினிமாவில் உதவியாளராகச் சேர்ந்தபின் பெப்சியில் (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பு) இணைந்த சங்கத்தின் அட்டை தேவைப்படும், அதன் விதிகளைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் நாள் கணக்கா, படம் கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். வேலை செய்த செட்டின் படங்களைத் தொகுப்பில் சேர்க்கும் முன் கலை இயக்குநரிடம் அனுமதி கேளுங்கள், படம் வெளியாகும் வரை ஒன்றையும் வெளியிட வேண்டாம். குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு தரைப்படமா, மாடலா, வண்ணமா என்பதை அந்தப் பக்கத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.