மேட்டூர்ச் சேறும் பூம்புகார்க் கல்லும்

செருப்பில் ஒட்டிய பண்ணவாடிச் சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வயிற்றெரிச்சல். மேட்டூரிலிருந்து பண்ணவாடி போய்வர ஆட்டோவுக்குப் பேசியது 500, இறங்கும்போது கேட்டது 700. வெயிட்டிங்காம்! இரண்டு நாளுக்கு 3,000 ரூபாய் என்று கிளம்பியவனுக்கு இது பெரிய அடி.

அணை வற்றினால் தலைகாட்டும் நந்தியைப் பார்க்கத்தான் போனேன். பார்த்தாயிற்று. ஆனால் கண்ணை விட்டுப் போகாதது தரைதான். தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த வண்டல். ஒன்றைப் பெயர்த்து உடைத்தால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது. விரலில் தேய்த்தால் மாவு. ஓடிவரும் ஆறு தேங்கிய நீருக்குள் நுழைந்ததும் வேகம் செத்துவிடுகிறது. கனத்த மணல் தலைமாட்டிலேயே இறங்கிவிடும், நைஸான வண்டல் இன்னும் உள்ளே வந்து படியும். 1934-இல் அணையைக் கட்டி முடித்ததிலிருந்து இதே கதை. மதகு வழியே போவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீர். அது சும்மா போகாது, கீழே ஆற்றுப் படுகையையே அரித்துக்கொண்டு போகும்.

அணைப் பூங்கா பக்கம் சாப்பிட்ட மீன் வறுவலுக்காக மட்டுமே இன்னொரு முறை மேட்டூர் போகலாம். மொறுமொறுவென்று, முள்ளைக்கூட விடவில்லை.

அப்புறம் திருச்சி, மயிலாடுதுறை. கடைசி சீட்டில் முதுகு கழன்றது, வேறொன்றும் இல்லை.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெரிய வாய்க்கால் அகலம்தான். வெள்ளத்தில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய்விடுகிறது, சரி. ஆனால் அது கொண்டுபோகும் மணலும் குறைந்துதானே விட்டது? மேட்டூருக்குக் கீழே சேரும் பவானிக்கும் அமராவதிக்கும்கூட மேலே அணை உண்டு. தப்பிவரும் மணலை லாரியில் அள்ளிய கதை ஊருக்கே தெரியும். அணையை மட்டும் திட்டிப் பயனில்லை.

அலைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எப்போதும்போல் கரை மணலை இழுத்துப் போகிறது, ஈடுகட்ட ஆற்றிலிருந்து வருவதுதான் சுருங்கிவிட்டது. டெல்டா மண் தன் கனத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். மேலே புது வண்டல் விழுந்தால்தான் மட்டம் நிற்கும். கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கல் நிற்கிற இடம் தப்பிக்கும், அரிப்பு பக்கத்து ஊருக்கு நகரும்.

ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி அலையில் அலசினேன். மேட்டூர் வண்டல் கொஞ்சம் கரைந்து போனது. மயிலாடுதுறைக்குத் திரும்ப பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது, கையில் மிச்சம் 210 ரூபாய்.