ஏலக்காய் அளக்கும் சி நிரல், இப்போது போன் பிரவுசரில்

போடியில் ஏலக்காய் விலை பெரும்பாலும் பச்சை நிறத்தையும் பருமனையும் பொறுத்தது. 8 மி.மீ. சல்லடையில் நிற்கிற காய்க்கு ஒரு விலை, கீழே விழுகிற காய்க்கு வேறு விலை. வெள்ளைத் தாளில் காயைப் பரப்பி, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால், எந்தப் பருமனில் எத்தனை காய் என்று எண்ணிச் சொல்லும் நிரல் ஒன்றை முன்பே சி மொழியில் எழுதி வைத்திருந்தேன். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ.; அதுவே அளவுகோல்.

நிரல் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடியது. ஆனால் காய் காய்வது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறையில் சித்தப்பாவின் ஸ்டோரில். அங்கே சிக்னலை நம்பி எதுவும் செய்ய முடியாது. படத்தை சர்வருக்கு அனுப்பிப் பதில் வாங்கலாம் என்றால் சித்தப்பாவும் விடமாட்டார். "ஏலத்துக்கு முன்னாடி நம்ம காய் படம் வெளியே எங்கேயும் போகக்கூடாதுப்பா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி, போனிலேயே கணக்குப் போட வேண்டியதுதான். அப்படித்தான், சி போன்ற மொழியில் எழுதிய நிரலை பிரவுசருக்குள்ளேயே ஓட வைக்கும் வெப் அசெம்பிளிக்கு வந்து சேர்ந்தேன்.

சி நிரலை பிரவுசரில் வேகமாக ஓட்டும் ஆசை பழையது. கூகுள் 2011-இல் குரோமில் நேட்டிவ் கிளையண்ட் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்கள் அதைச் சீண்டவில்லை. மொசில்லா 2013-இல் ஏஎஸ்எம்.ஜேஎஸ் என்று, சி நிரலை பிரவுசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டாகவே மாற்றும் வேறு வழியில் போனது. கடைசியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து செய்ததுதான் வெப் அசெம்பிளி. 2017 முடிவதற்குள் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் நான்கிலும் வந்துவிட்டது.

சி நிரலை வெப் அசெம்பிளி கோப்பாக மாற்ற (கம்பைல் செய்ய) எம்ஸ்கிரிப்டன் என்ற கருவி. என் நிரலில் நூலகம் எதையும் சார்ந்திராத வெறும் கணக்குதான் என்பதால் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. வெளியே வரும் கோப்பு போனின் பிராசசருக்கு நேரடியாகப் புரியாது. பிரவுசர்தான் அதை அந்தப் போனுக்கு ஏற்ற மெஷின் கோடாக மாற்றும். குரோம் முதலில் அவசரமாக ஒரு மொழிபெயர்ப்பு செய்து ஓட விட்டுவிட்டு, அடிக்கடி ஓடும் 'சூடான' பகுதிகளைப் பின்னணியில் மெருகேற்றும். முதல் படத்தைவிட அடுத்தடுத்த படங்கள் வேகமாக முடிவதை என் போனிலேயே பார்க்க முடிந்தது.

உண்மையான தலைவலி மெமரி. 4000-க்கு 3000 படம் என்றால் 1.2 கோடி பிக்சல். பிக்சலுக்கு 4 பைட் வீதம் 4.8 கோடி பைட். பிரவுசரில் படத்தைப் பிக்சல்களாகப் பிரித்துத் தரும் கேன்வாஸ் கொடுக்கும் படம் ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் இருக்கும். சி நிரலுக்குத் தன் சொந்த மெமரியைத் தவிர எதுவும் கண்ணில் படாது. ஆகவே முழுப் படத்தையும் உள்ளே நகல் எடுக்க வேண்டும். அந்த மெமரி 65,536 பைட் கொண்ட பக்கங்களாக வளரும். இந்த ஒரு படத்துக்கே 733 பக்கம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: மெமரி வளர்ந்த கணமே, அதைப் பார்க்க ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் பிடித்து வைத்திருக்கும் பழைய அரே (எண்களின் வரிசை) நீளம் பூஜ்யமாகிச் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

படத்தையே 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. தாள் 30 செ.மீ. அகலம் என்றால் மில்லிமீட்டருக்கு ஐந்து பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. 7-க்கும் 8-க்கும் வித்தியாசம் காண அது போதும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்: இதே கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினாலும், சூடேறிய பிறகு அது ஒன்றும் மோசமில்லை. 'பத்து மடங்கு வேகம்' என்ற பேச்சை நம்பி இதில் இறங்க வேண்டாம். எனக்குக் கிடைத்த லாபம், சி நிரலைத் திரும்ப எழுதாமல் தப்பித்ததும், விலை குறைந்த போனிலும் நேரம் ஏறி இறங்காமல் சீராக இருப்பதும்தான்.

ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் சிம்ட் (SIMD) போட்டபோதுதான் கண்ணுக்குத் தெரிகிற வேகம் வந்தது. ஒரு தடவைக்கு 128 பிட் என்பதால், பிக்சலுக்கு 8 பிட் கொண்ட சாம்பல் நிறப் படத்தில் ஒரே அடியில் 16 பிக்சல். காயையும் தாளையும் பிரிக்கும் கட்டம் பறந்தது. ஒட்டியிருக்கும் பிக்சல்களை ஒரே காயாகச் சேர்க்கும் கட்டத்தில் மட்டும் பலன் இல்லை. அங்கே ஒவ்வொரு பிக்சலும் முந்தையதைக் கேட்டுத்தான் நகர முடியும். சஃபாரியில் 16.4-க்கு முந்தைய பதிப்புகள் சிம்ட் கோப்பை மொத்தமாகவே நிராகரித்துவிடும் என்பதால் இரண்டு கோப்புகள் வைத்திருக்கிறேன்.

கணக்கைப் பிரித்து ஒரே நேரத்தில் பல பக்கம் ஓட்டும் இழைகளை (threads) தொடவில்லை. அதற்கு சர்வர் பக்கத்தோடு சில ஹெடர்களை (கூடுதல் குறிப்பு வரிகளை) அனுப்ப வேண்டும். நான் வைத்திருக்கும் இலவச இடத்தில் அதற்கு வழியில்லை. திரையைத் தொடாமல் பின்னணியில் ஓடும் ஒரே ஒரு வொர்க்கரில் கணக்கை ஓட்டினால் திரை உறையாமல் இருக்கிறது, இப்போதைக்கு அது போதும். சர்வீஸ் வொர்க்கர் என்ற பிரவுசர் வசதி கோப்புகளைப் போனிலேயே சேமித்து வைப்பதால், போடியில் ஒருமுறை திறந்துவிட்டு மலையேறினால் சிக்னல் இல்லாமலே வேலை செய்கிறது.

அடுத்து, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காய்களைப் பிரிக்க வேண்டும். இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய காயாக எண்ணிவிடுகிறது. சித்தப்பாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை.