இளம் மதிப்பீட்டாளருக்கு எத்தனை நாள்?

தங்கள் திட்டங்கள் என்ன பலன் தந்தன என்று பார்க்க ஐ.நா. அமைப்புகள் நடத்தும் மதிப்பீட்டுப் பணிக்கு வரும் டி.ஓ.ஆர்.களில் (பணி என்ன, யார் தேவை என்று சொல்லும் ஆவணங்களில்) டீம் லீடருக்குப் பத்து வருட அனுபவம், உறுப்பினர்களுக்கு ஐந்தோ ஏழோ கேட்பது வழக்கம். இருபத்தாறு வயதுக்காரர் அந்த அனுபவத்தை எங்கே போய்ச் சேர்ப்பார்? 2015 நவம்பரில் காத்மாண்டுவில் தொடங்கிய எவல்யூத் என்ற இளம் மதிப்பீட்டாளர்களுக்கான உலக வலையமைப்பு இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது. இன்று ஐ.நா. மக்கள்தொகை நிதியமான யு.என்.எஃப்.பி.ஏ.வின் நாட்டுத் திட்ட மதிப்பீடுகளில் இளம் மதிப்பீட்டாளருக்குத் தனி இடமே உண்டு. நல்ல மாற்றம். ஆனால் இடம் கொடுத்துவிட்டு ஆடியோவைத் தட்டச்சு செய்யவும் அப்பாயின்ட்மென்ட் வாங்கவும் மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பெயருக்கே அர்த்தம் இல்லை.

டி.ஓ.ஆரிலேயே நாள் கணக்கை எழுதிவிடுங்கள். குழுவுக்கு மொத்தம் 120 நாள் என்றால் இளையவருக்கு 33: எதை எப்படி ஆராய்வது என்று திட்டமிடும் தொடக்க அறிக்கைக்கு 8, களத்துக்கு 15, பகுப்பாய்வுக்கும் எழுத்துக்கும் 10. பணத்தை மிச்சப்படுத்த முன்னும் பின்னும் வெட்டி, களத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். கேள்வி ஏன் வந்தது என்றே தெரியாதவர், பதிலைக் கேட்டதும் அடுத்து எதைத் துருவிக் கேட்பார்?

எந்தக் கேள்விக்கு எங்கே பதில் தேடுவது என்று வரிசையாக எழுதும் மதிப்பீட்டு அட்டவணையில் ஒரு வரிசையை முழுதாக அவரிடம் ஒப்படைக்கலாம். திட்டங்களை எடைபோட, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. வகுத்த அளவுகோல்கள் ஆறில், 2019-ல் சேர்ந்த 'ஒத்திசைவு' (மற்றவர்களின் திட்டங்களோடு இது பொருந்துகிறதா என்பது) இதற்குப் பொருத்தம். "இதே ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு அமைப்பும் இதே பயிற்சியைத் தருகிறதா?" என்பது கேள்வி. இரண்டு அமைப்புகளின் வருகைப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் அவரையே கேட்க வேண்டும்: இரண்டும் ஒரே பாடமா, ஒன்றின் தொடர்ச்சியா? பதிவேடு ஒன்று சொல்லி அவர் வேறு சொன்னால், பயிற்சியாளரிடம் போக வேண்டும். இதிலிருந்து வரும் பத்தியை இளையவரே எழுதட்டும். டீம் லீடர் ஒவ்வொரு திருத்தமும் கண்ணுக்குத் தெரியும்படி டிராக் சேஞ்சஸில் திருத்தித் திருப்பித் தர வேண்டும். தானே மாற்றி எழுதிவிட்டால் இளையவர் எதையும் கற்கமாட்டார். அறிக்கையின் அட்டையில் அவர் பெயரும் வர வேண்டும்.

சம்பளம் இன்னொரு சிக்கல். தொடக்க அறிக்கைக்கு 20, வரைவுக்கு 40, இறுதிக்கு 40 சதவீதம் என்று வைத்தால், வரைவுக்குக் கருத்து வரத் தாமதமாகும் மாதங்களில் மூத்தவர் சமாளிப்பார். இளையவர் வாடகை கட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவருக்கு மட்டுமாவது வேலை செய்த நாளைக் கணக்கிட்டு மாதாமாதம் கொடுங்கள், பயண முன்பணத்தோடு.

செலவு குறையும் என்று அதே திட்டத்தில் இன்டர்னாக இருந்தவரைக் குழுவில் சேர்ப்பதும் நடக்கிறது. கூடவே கூடாது. தான் கை வைத்த வேலையைத் தானே எடைபோட்டால் மதிப்பீட்டின் சுயாதீனம் அங்கேயே போய்விடும். குற்றம் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் பழைய மேலதிகாரியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.